மழை வந்தால் யார் வீட்டு ஃபேன் ஓடும்?

தினேஷ்,

வாசலில் போட்ட கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். இப்போதுதான் வீடு வீடாகத் தெரிகிறது. மாடியில் நீயும் ரம்யாவும் துணிமணி அடுக்குகிற சத்தம் கேட்கிறது. நாளைக்குக் கம்மாபுரம் பக்கம் கிளம்புகிறீர்கள். நம்ம தெருவில் செய்த வேலையை அங்கே கிராமம் கிராமமாகச் செய்யப்போகிறாய். நேரில் ஏதாவது சொன்னால், "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எழுதுவதுதான் என்றாலும் வேறு யார் படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. தானாக ஓடுகிற வண்டி, தானாகப் பங்கு போடுகிற கரண்டு என்று செய்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்போது ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் சிரிப்பு வரட்டும்.

படிப்பை முடித்துவிட்டு சிதம்பரத்தில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது, நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று நம்ம மில்லுக்கு மாவு அரைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். "கம்ப்யூட்டர்" என்று சொல்லி வைப்பேன். பிறகு ஒருநாள் நீயே வந்து, நம்ம முதுநகர்த் தெருவிலேயே முதல் சோதனை நடக்கப்போகிறது என்றாய். ஒவ்வொரு வீட்டு மாடியிலும் சோலார் பலகை. ரேஷன் கடைக்குப் பின்னால் ஒரு அறை நிறைய பேட்டரி. அந்த அறைச் சுவரில் ஒரு பெட்டி. மழையிலோ காற்றிலோ லைன் கரண்டு போய்விட்டால், பேட்டரியில் இருக்கிறதை எந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பது என்று அந்தப் பெட்டியே முடிவு செய்யும். யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம். "மனுசங்க கை படாததுதான்மா இதோட அழகே" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தெருவில் எல்லாரும் அதற்கு 'தினேசு பெட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாரம் எல்லாருக்கும் மாவைக் கொஞ்சம் நைஸாகவே அரைத்துக் கொடுத்தேன்.

அடுத்து வந்த ஐப்பசி மழையில் கரண்டு போனது. பெட்டி முதலில் நிறுத்தியது யாரை? உன்னைப் பெற்றவளின் மில்லை. ஈர அரிசி பாதி அரைபட்டு நிற்கிறது, சுற்றி நாலைந்து பேர் தூக்குவாளியோடு நிற்கிறார்கள், மோட்டார் 'ம்ம்ம்' என்று இழுத்து ஓய்ந்துவிட்டது. "இன்னாக்கா, பெத்த புள்ளையே ஃபியூஸ புடுங்கிட்டானா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்துத்தான் வைத்தேன். சாயங்காலம் போனில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "மில்லு மோட்டாரு ஒரே இழுப்புல தெரு மொத்தத்துக்கும் உள்ளத இழுத்துடும்மா" என்றாய். நியாயம்தான், எனக்கும் புரிந்தது. "அத முன்னாடியே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, காலையிலயே அரைச்சி முடிச்சிருப்பேனேடா?" என்று கேட்டேன். அந்தக் கோபம் அன்றைக்கே தீர்ந்தது. அதை விடு. அடுத்த நாள் நடந்ததுதான் பெரிய விஷயம்.

எதிர்வீட்டு பாக்கியத்தை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறவள். அவள் குரல் தெருமுனையில் கேட்டால் கூடை நம் வாசலுக்கு வர இன்னும் நேரமிருக்கிறது என்று அர்த்தம். அந்த மழையில் அவள் மகள் தலைப்பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருந்தாள். நீ பெட்டியைப் பார்ப்பதற்காக மழையோடு மழையாகச் சிதம்பரத்திலிருந்து வந்து மில்லில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாய். பாக்கியம் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். குழந்தையின் கன்னமெல்லாம் கொசு கடித்துத் தடித்திருந்தது.

"தினேசு, எங்க வீட்ல ஒத்த ஃபேனு. அதையும் உன் பெட்டி நிறுத்திடுச்சி. வா, வெளிய வந்து பாரு" என்று உன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். நானும் பின்னாலேயே வந்தேன். அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி சேகரின் மாடி வீடு. குடும்பத்தோடு அவர்கள் திருப்பதிக்குப் போயிருந்தார்கள். கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஆனால் கேட்டைச் சுற்றி சீரியல் லைட்டு சிவப்பும் பச்சையுமாக ஓடி ஓடி எரிகிறது. முன்னால் இருக்கிற சின்ன நீரூற்றில் கொட்டுகிற மழையோடு சேர்ந்து தண்ணீர் பீச்சியடிக்கிறது. அதைப் பார்த்துக் குழந்தை மட்டும் சிரித்தது.

நீ லேப்டாப்பைத் திறந்து என்னவோ பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அத்த, பெட்டி இத்தன மாசமா ஒவ்வொரு வீட்லயும் எவ்வளவு எரியிதுன்னு பாத்துத்தான் பங்கு போடுது. உங்க வீட்ல எப்பவுமே ரொம்பக் கம்மி. அதனால உங்களுக்குக் கம்மியே போதும்னு..."

"கம்மியா எரிச்சா கம்மியே போதும்னு அர்த்தமாடா? காசு கம்மிடா!" என்றாள் பாக்கியம். "ராத்திரில ஃபேன நிறுத்திட்டு வாசல்ல படுத்தது, ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணி வெச்சது, எல்லாம் பில்லுக்குப் பயந்து. அதுக்கு எனக்கு இதான் தண்டனையா? நாளையிலேர்ந்து நானும் பகல்ல அஞ்சு லைட்டு போடுறேன். அப்ப குடுக்குமா உன் பெட்டி?"

குடுக்கும் என்பதுதான் உண்மை. அது உனக்குத் தெரிந்ததால்தான் உன் முகம் அப்படிச் சுருங்கியது. நேரே ரேஷன் கடைக்குப் போய் பாக்கியம் வீட்டு ஃபேனைக் கையால் ஓடவிட்டாய். மனிதக் கை படாத பெட்டியில் முதலில் பட்டது உன் கைதான். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தாய். தோசை ஆறிப்போனது. "நல்லாத்தாம்மா யோசிச்சேன். எல்லா வீட்டுக் கணக்கையும் பாத்தேன். ஏன் கம்மின்னு மட்டும் யாரையும் கேக்கல" என்றாய். உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "ஞாயித்துக்கெழம மில்லு லீவு. எல்லாரையும் வரச் சொல்றேன், கேளு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்னும் சிரிப்புதான் வருகிறது. மாவு படிந்த தரையில் சாக்கு விரித்துத் தெருவே உட்கார்ந்திருந்தது. நீ சுவரில் ஒரு வேட்டியைக் கட்டிப் படம் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்திருந்தாய். அதை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. தையல்காரர் மெஷின்தான் முக்கியம் என்றார். ஐஸ் பெட்டி வைத்திருக்கிறவர்கள் மீன் நாறிப்போகும் என்றார்கள். ஒரு பெரியவர் செய்தி பார்க்காவிட்டால் தனக்குத் தலைவலி வந்துவிடும் என்றார். நான் மட்டும் யோக்கியமா? "எல்லாரும் இட்லி திங்கணும்ல? அப்ப மில்லுக்குத்தான் மொதல்ல" என்று பிடிவாதம் பிடித்தேன். பாக்கியமும் சும்மா இல்லை. குழந்தைக்கு ஃபேன் என்று ஆரம்பித்தவள், போகிற போக்கில் தன் டிவியையும் சேர்த்துவிடப் பார்த்தாள். "டிவில இன்னா, கொழந்த பாக்குற சீரியலா?" என்று தையல்காரர் கேட்டதும் மில் கூரை அதிரச் சிரித்தார்கள்.

கத்தி ஓய்ந்தபோது ஒரு வழி தெரிந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரு லைட், ஒரு ஃபேன். அதில் பெட்டியானாலும் யாரானாலும் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகு கெட்டுப்போகிற சாமான். மீன், பால், மருந்து. மில்லும் தையல் மெஷினும் வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் மட்டும். அழகுக்கு எரிகிறது எல்லாவற்றுக்கும் கடைசி. வீட்டில் கைக்குழந்தையோ உடம்பு சரியில்லாதவர்களோ இருந்தால், அழுத்துவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பட்டன். அழுத்தினால் அந்த வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இந்தப் பட்டனில்தான் நீ தயங்கினாய். "சும்மாவே அழுத்திட்டாங்கன்னா?" என்று கேட்டாய். பாக்கியம், "அழுத்தட்டும். எந்த வீடு அழுத்தியிருக்குன்னு ரேஷன் கட வாசல்ல போர்டுல தெரியிற மாதிரி பண்ணு. தெருவுக்குத் தெரிஞ்சா போதும்" என்றாள்.

அப்புறம்தான் உனக்கு நிஜமான சோதனை. உங்கள் மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டன் கிட்டன் எல்லாம் வைத்தால் அது தானாக ஓடுகிற பெட்டியே இல்லை, பணம் போடுகிறவர்கள் இதைக் கேட்டா பணம் போட்டார்கள் என்று சொல்லிவிட்டார். பழையபடியே ஓட்டு, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்கிற அளவுக்குப் பேச்சு போயிருந்தது. இதில் ஒரு வார்த்தைகூட நீ எனக்குச் சொல்லவில்லை. சொன்னது உன்னோடு அதே கம்பெனியில் வேலை பார்த்த ரம்யா. என் நம்பரை எப்படிப் பிடித்தாளோ, "அம்மா, நீங்களும் அந்த மீன்காரம்மாவும் ஒரு தடவ சிதம்பரம் வந்துட்டுப் போறீங்களா? தினேஷ்கிட்ட சொல்ல வேணாம்" என்றாள். குரலிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. மீதி, அவளைப் பார்த்தபோது புரிந்தது.

உன் அப்பாவையும் கூப்பிட்டேன். டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அங்கே டிரைவர் இல்லாத வேன் ஓடுகிறதாம் என்று கேள்விப்பட்டதும், "ஓட்டுறவன் இல்லாத வண்டியில என் பொணம்கூட ஏறாது" என்று ஈசிச்சேரில் சாய்ந்துவிட்டார். நானும் பாக்கியமும் மட்டும் பஸ் ஏறினோம். உங்கள் ஆபீஸ் ஒரு பெரிய காலேஜ் வளாகத்துக்குள்ளே இருந்தது. வளாகத்துக்குள் ஓடுகிற அந்த வேன் ரம்யாவுடைய வேலை. வாசலில் காத்திருந்து எங்களை ஏற்றிக்கொண்டாள். பாக்கியம் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "டிக்கெட்ட யாருகிட்டம்மா வாங்குறது?" என்று தேடினாள். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு மரத்தடியில் பையன்களும் பெண்களும் பாதையை அடைத்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வேன் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அது எப்படியும் இடிக்காது என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் ஒருத்தரும் அசையவில்லை. பாக்கியம் ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏ புள்ளைங்களா! வண்டி நிக்கிறது கண்ணு தெரியல? ஓரமா நின்னு பேசுங்க கண்ணுங்களா!" கூட்டம் பதறி விலகியது. ரம்யா சீட்டில் சரிந்து சிரித்தாள். "ரொம்ப மரியாதையா இருந்தா யாரும் நகர மாட்டேங்குறாங்க, ஹாரன் அடிச்சா பயந்துடுறாங்க. நாங்களும் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருக்கோம்" என்றாள். இறங்குவதற்கு முன்னால் பாக்கியத்தை இன்னொரு தடவை கத்தச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொண்டாள். இப்போது அந்த வேன் வழி கேட்பது பாக்கியத்தின் குரலில்தான்.

எங்களைப் பார்த்ததும் உன் முகம் வெளிறியதை நான் கவனித்தேன். மேனேஜர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, பொறுமையாகவே பேசினார். "ஜனங்க கை வெச்சா சண்ட வரும்மா. அது வரக் கூடாதுன்னுதான் பெட்டியே" என்றார். "சண்டதான் வந்து முடிஞ்சி போச்சே சார், எங்க மில்லுல" என்றேன். பாக்கியம், "உங்க வீட்ல ஒரு ஃபேனுதான் ஓடும்னா, யாருக்குன்னு யாரு சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, "என் வொய்ஃப்தான்" என்றார். அவரே சிரித்துவிட்டார். ஆனால் சிரித்ததால் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. "பெட்டி ஒரு தடவ தப்பு பண்ணுச்சுன்னா சரி பண்ணிக்கலாம். அதுக்காக மொத்தத்தையும் மாத்துறதா?" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

அப்போதுதான் நீ எழுந்தாய். "சார், பெட்டி தப்பு பண்ணல. நான் சொல்லிக்குடுத்தத அப்படியே பண்ணுச்சு. நான்தான் தப்பா சொல்லிக்குடுத்தேன். அதயே இன்னும் நூறு தெருவுல என்னால வெக்க முடியாது. வேற ஆளப் போடுறதுன்னா போடுங்க" என்றாய். குரல் நடுங்கவில்லை. நீ பத்தாவதில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்தபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. கடைசியில் மேனேஜர், "ஒரு மழக்காலம். ஒண்ணே ஒண்ணு. பாப்போம்" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் பாக்கியம், "அக்கா, அந்தப் பொண்ணு உன் புள்ளையப் பாத்த பார்வையப் பாத்தியா?" என்றாள். பார்க்காமலா இருப்பேன்?

அடுத்த மழை எப்படிப் போனது என்று நீ மேனேஜருக்கு அனுப்பிய ரிப்போர்ட்டில் எல்லாம் இருக்கும். சேகர் கதை இருக்காது. அவருக்குத் தன் கேட்டு லைட்டைத் தெருவே பேசியது மனத்தாங்கல். பட்டன் விஷயத்தையும் அவர் நம்பவில்லை. கரண்டு போன ஒரு சாயங்காலம், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று, ஒரு நோய்நொடி இல்லாமல் குத்துக்கல்லாட்டம் இருந்த மனிதர் பட்டனை அழுத்திவிட்டார். போர்டில் அவர் வீட்டு நம்பர் வந்தது. கால் மணி நேரத்தில் தையல்காரர் குடையோடு போய், "இன்னா சேகரு, உடம்புக்கு?" என்று விசாரித்தார். பாக்கியம் மிளகு ரசம் கொண்டுபோனாள். நான் நொய்க்கஞ்சி. அப்பா நிலவேம்பு காய்ச்சி, சொம்போடு எதிரிலேயே உட்கார்ந்து, குடித்து முடிக்கிற வரை எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் படுத்திருந்தார். ஃபேன் நன்றாக ஓடியது, ஆனால் காய்ச்சல்காரருக்கு ஃபேன் எதற்கு என்று யாரோ நிறுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் மில்லுக்கு வந்து, "அக்கா, இனிமே சத்தியமா அந்தப் பட்டனத் தொட மாட்டேன். அந்தக் கஷாயம் இன்னும் நாக்குலயே நிக்குது" என்றார். பிறகு அவரேதான், தான் ஊரில் இல்லாத நாளில் தன் வீட்டுப் பங்கை பாக்கியம் வீட்டுக்குத் திருப்பிவிடச் சொல்லி உன்னிடம் கேட்டார். அதை நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ரம்யாவைப் பெண் பார்க்க சிதம்பரம் போனபோது, அவள் வேலை பார்க்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று சம்பந்தி கூட்டிப்போனதில், அப்பாவும் அந்த வேனில் ஏறவேண்டியதாகிவிட்டது. சம்பந்தி முன்னால் மறுக்க முடியுமா? வழி முழுக்க வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி பிரேக் போட்டுக்கொண்டே வந்தார். இறங்கியதும், "பரவால்ல, திருப்பத்துல நல்லா ஒடிக்கிது" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது. ரம்யாவுக்கு அது போதுமென்று அவள் முகமே சொன்னது. திருவந்திபுரம் கோயிலில் உங்கள் முகூர்த்தத்தன்று ஒரே நேரத்தில் எத்தனை கல்யாணம்! யார் மேளம் யாருக்கு அடிக்கிறது என்றே தெரியவில்லை. பாக்கியம் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வந்து, "அக்கா, அது நம்ம தினேசு இல்ல போலிருக்கே" என்றாளே, அந்தப் பையன் யாரோ, அவனும் நன்றாக இருக்கட்டும்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னதிலேயே தாள் தீர்ந்துவிட்டது. இருந்தாலும் இரண்டு வார்த்தை. நீ செய்கிற வேலை எனக்கு நல்ல வேலையாகத்தான் தெரிகிறது. மழையில் கரண்டு இல்லாமல் இருட்டில் கிடந்த தெரு இது. இப்போது எல்லா வீட்டிலும் ஒரு விளக்கு எரிகிறது. யாரும் ராத்திரி முழித்து சுவிட்சுக்குக் காவல் இருக்க வேண்டியதில்லை. அதைப் பெட்டிதான் செய்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் காசுக்குப் பயந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யாராவது அதற்குச் சொல்லித்தானே ஆகவேண்டும்? புதிய ஊரில் போய் இறங்கியதும் லேப்டாப்பைத் திறக்காதே. நாலு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடி. ரம்யாவையும் கூட்டிக்கொண்டு போ. நீ கேட்க மறந்ததை அவள் கேட்பாள்.

இன்று மத்தியானம் நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது எனக்கு ஒரு போன் வந்தது. உன்னிடம் சொல்லவில்லை. கம்மாபுரத்துப் பக்கம் நீ போகப்போகிற ஊரில் மகளிர் குழுத் தலைவியாம். உங்கள் ஆபீசில் கேட்டு நம்பர் வாங்கியிருக்கிறார். "ஒண்ணுமில்லீங்க, உங்க பையன் எங்க ஊருக்கு கரண்டு பெட்டி வெக்க வர்றாராம். மெஷினப் பத்தி ஆபீசர் எல்லாம் சொல்லிட்டாரு. ஆளு எப்படின்னு பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கலாமேன்னுதான்" என்றார். என் பிள்ளை தங்கம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"மொதல்ல எதையாவது தப்பாப் பண்ணுவான். நீங்க பயப்படாம சத்தம் போடுங்க, கேட்டுக்குவான்" என்றேன்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அது போதும், வரச் சொல்லுங்க" என்றார்.

போயிட்டு வாடா.

உன் அம்மா